தெய்சேயில் குளிர்காலம், ஒரு வாரம் மௌனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன ஜனவரி கடைசியில் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் இருக்கும் தெய்சே துறவற சமூகத்தில் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு வந்தேன். அதற்கு முன்பே கோடையில் இரண்டு முறை அங்கே போயிருக்கிறேன். குளிர்காலத்தில் போனது இதுதான் முதல் தடவை. திரும்பி வந்த நாளிலிருந்து சபையிலும் வீட்டிலும் நண்பர்களிடமிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

தெய்சே என்றால் நம் சபைகளில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடுவார்களே, அதுதானே?

அந்தப் பாட்டு பிறந்த ஊர்தான் இது. க்ளூனி என்ற சிறு நகரத்துக்குப் பத்து கிலோமீட்டர் வடக்கே, ஒரு குன்றின்மேல் இருக்கும் சின்னக் கிராமம். 1940 ஆகஸ்டில், போர் நடந்துகொண்டிருந்தபோது, ரோஜர் ஷுட்ஸ் என்ற 25 வயது சுவிஸ் இளைஞர் ஜெனீவாவிலிருந்து சைக்கிளில் வந்து இந்தக் கிராமத்தில் ஒரு வீடு வாங்கினார். ஜெர்மானியர் கைப்பற்றிய பிரான்சையும் கைப்பற்றாத பிரான்சையும் பிரித்த கோடு பக்கத்திலேயே ஓடியது. தப்பி வந்தவர்களுக்கு, யூதர்கள் உட்பட, அந்த வீட்டில் இடம் கொடுத்தார். 1942-ல் விஷயம் வெளியே தெரிந்துவிட்டதால் சுவிட்சர்லாந்துக்குப் போய் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. 1944-ல் திரும்பி வந்து, இந்த முறை பக்கத்து முகாமில் இருந்த ஜெர்மானியப் போர்க் கைதிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டார். முதலில் யூதர்கள், அப்புறம் ஜெர்மானியர்கள். தெய்சேயைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

1949 ஈஸ்டரில் ஏழு பேர் ஆயுள் முழுக்கத் துறவிகளாகச் சேர்ந்து வாழ்வோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். இன்று ஏறத்தாழ 30 நாடுகளைச் சேர்ந்த சகோதரர்கள் அங்கே இருக்கிறார்கள். கத்தோலிக்கரும் உண்டு, பல புராட்டஸ்டன்ட் சபைகளைச் சேர்ந்தவர்களும் உண்டு. சகோதரர் ரோஜர் 2005 ஆகஸ்ட் 16 அன்று மாலை ஜெபத்தின்போது, 90 வயதில், மனநிலை சரியில்லாத ஒரு பெண்ணால் குத்திக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் சகோதரர் அலோய்ஸ். 2023 டிசம்பரிலிருந்து சகோதரர் மேத்யூ பொறுப்பில் இருக்கிறார். அவர் இங்கிலாந்துக்காரர், ஆங்கிலிக்கன்.

கோடையில்தானே எல்லாரும் போவார்கள், குளிர்காலத்தில் ஏன் போனீர்கள்?

கோடையில் வாரத்துக்குச் சில ஆயிரம் பேர் வருவார்கள். கூடாரங்கள், கிட்டார், சாப்பாட்டு வரிசை, பத்து மொழிகளில் பேச்சு. அது நல்ல கூட்டம், அதைக் குறை சொல்ல மாட்டேன், என் நண்பர்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் கிடைத்தவர்கள்தான். ஆனால் அங்கே நீங்கள் பார்ப்பது விருந்தாளிகளைத்தான், வீட்டுக்காரர்களை அவ்வளவாகப் பார்க்க முடியாது. ஜனவரியில் போனால் அது சகோதரர்களின் வீடாகிவிடுகிறது. வருகிற கொஞ்சம் பேருக்காக ஆலயத்தின் பின்பகுதியை நகரும் கதவுகளால் அடைத்துவிடுகிறார்கள். ஆலயமே சுருங்கி, உங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று மூன்றாம் நாளே முகம் பழகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. சமூகத்தின் ஒழுங்கு நூலைச் சகோதரர் ரோஜர் எழுதியதே 1952-53 குளிர்காலத்தில், நீண்ட மௌனத் தியானத்தில் இருந்தபோதுதான். அதில் அடிக்கடி திரும்பி வரும் மூன்று சொற்கள் மகிழ்ச்சி, எளிமை, இரக்கம். இந்த மூன்றும் குளிர்கால இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒருவரிடமிருந்து வந்தவை என்று தெரிந்ததும், அதே பருவத்தில் அங்கே இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

குளிர் தாங்குமா? பனி கொட்டுமா?

படத்தில் பார்க்கிற மாதிரி வெள்ளைப் பனியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தெற்கு பர்கண்டியில் பனி விழுந்தால் விழும், விழாவிட்டால் இல்லை. நிச்சயமாக இருப்பது மூடுபனியும் சேறும்தான். காலையில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், மதியம் 5, 6 டிகிரி. எண்ணைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, ஆனால் ஈரக்காற்று எலும்புக்குள் போகும். அறைகளுக்குள் சூடு உண்டு. பிரச்சினை அறைக்கும் ஆலயத்துக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடப்பதில் இருக்கிறது. ஆகவே குளிர் கோட்டு முக்கியம்தான், அதைவிட முக்கியம் செருப்புக்குப் பதில் நீர் புகாத நல்ல ஷூ, இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை. ஆலயத்தில் பெரும்பாலும் தரையில்தான் உட்காருவோம். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பழைய சால்வை ஒன்று என்னிடம் இருந்தது, வாரம் முழுக்க என்னைக் காப்பாற்றியது அதுதான்.

கைவிளக்கு ஒன்று கட்டாயம். மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

மூன்று ஜெபங்களைச் சுற்றித்தான் நாள் ஓடுகிறது. காலை எட்டேகாலுக்கு ஒன்று, மதியம் பன்னிரண்டு இருபதுக்கு ஒன்று, இரவு எட்டரைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்பு ஆலய மணிகள் ஐந்தும் சேர்ந்து சில நிமிடங்கள் விடாமல் அடிக்கும், அந்தச் சத்தத்தில் யாருக்கும் பேசத் தோன்றாது. ஜனவரியில் அங்கே சூரியன் உதிப்பதே எட்டு மணிக்கு மேல்தான். எனவே காலை ஜெபத்துக்கு இருட்டில் நடந்து போவோம், வெளியே வரும்போது வெளிச்சம் வந்திருக்கும். ஒரு நாள் அப்படி வெளியே வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு வெள்ளை மாடுகள் மூடுபனிக்குள் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. அந்தப் பகுதிக்குப் பேர்போன ஷரோலே மாடுகள். அவற்றின் மூச்சுப் புகைதான் முதலில் கண்ணில் பட்டது, அப்புறம்தான் மாடு தெரிந்தது.

ஜெபம் என்றால் பிரசங்கம் கிடையாது. ஒரு சங்கீதம், பல மொழிகளில் சிறு வேத வாசிப்பு, திரும்பத் திரும்பப் பாடும் சிறு பாட்டுகள், நடுவில் எட்டு, பத்து நிமிட முழு மௌனம். வெள்ளை அங்கி போட்ட சகோதரர்கள் நடுவில் முழங்காலிட்டிருப்பார்கள், நாம் இருபக்கமும். முன்னால் ஆரஞ்சு நிறத் துணிகள் கூரையை நோக்கி ஏறியிருக்கும். அதற்குக் கீழே அடுக்கிய சதுரச் செங்கற்கூடுகளுக்குள் மெழுகுவர்த்திகள். நான் வீட்டுக்கு வந்த பின்னும் கண்ணை மூடினால் வருவது சிலுவையோ புனித ஓவியமோ இல்லை, அந்தச் சதுர வெளிச்சங்கள்தான்.

காலைச் சாப்பாட்டுக்குப் பின் மௌனத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சகோதரர் வேதாகமத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து அரை மணி நேரம் போல விளக்குவார், இரண்டு மூன்று கேள்விகளைக் கையில் கொடுத்து அனுப்புவார். மற்ற நேரம் நம்முடையது. கொஞ்சம் வேலை உண்டு, எனக்குப் பாத்திரம் கழுவுவது வந்தது. பெரிய தொட்டியில் வெந்நீர், எனக்கு இடப்பக்கம் ஒருவர் சோப்புப் போடுவார், நான் அலசுவேன், வலப்பக்கம் ஒருவர் துடைப்பார். மூவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் நாள் முதலே யார் எப்போது கை நீட்டுவார் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது, ஒரு கிண்ணம்கூடக் கீழே விழவில்லை.

மௌனம் என்றால் ஒரு வார்த்தையும் பேசக் கூடாதா? போன்?

பேசலாம், ஆனால் ஒரே ஒருவரிடம். விரும்பினால் தினமும் ஒரு சகோதரரைச் சந்தித்துக் கொஞ்ச நேரம் பேசலாம். பெண்கள் தங்கும் வீடு தனி. அவர்களைப் புனித அந்திரேயா சபைச் சகோதரிகள் கவனித்துக்கொள்கிறார்கள். அவர்கள் தெய்சே சமூகத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை, பக்கத்துக் கிராமமான அமூஞியில் தங்கி உதவி செய்கிறவர்கள், அவர்களுடைய சபையின் வரலாறு 13-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. மற்றபடி ஜெபத்தில் பாடுகிறோமே, அதனால் வாய் மூடியே கிடப்பதில்லை.

போனைப் பிடுங்கி வைக்க மாட்டார்கள். நானாக அணைத்துப் பையின் அடியில் போட்டேன். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்பாவிடம் நான் ‘மௌன வாரம்’ என்று சொன்னதை அவர் சரியாகக் கேட்கவில்லை, வியாழக்கிழமை வரை பதில் வராததால் தங்கையைப் படாதபாடு படுத்திவிட்டார். அவசரத்துக்கு யாரை எப்படித் தொடர்புகொள்வது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

அவ்வளவு நேரம் சும்மா இருந்து என்ன செய்வீர்கள்? போரடிக்காதா?

போரடிக்கும், மறைக்கவில்லை. முதல் நாள் தூங்கினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுத்தவன் மாலை மணிச் சத்தத்துக்குத்தான் எழுந்தேன். இது எல்லாருக்கும் நடப்பதுதான், குற்ற உணர்ச்சி வேண்டாம். இரண்டாம் நாள் மண்டைக்குள் ஒரே இரைச்சல். ஆபீஸில் ஆறு மாதம் முன்பு ஒருவர் சொன்ன வார்த்தைக்கு அப்போது வராத பதில் எல்லாம் இப்போது வரிசை கட்டி வந்தது. மூன்றாம் நாள் எரிச்சல். எதிரில் உட்கார்ந்து ரொட்டியை மெல்லுகிறவரின் தாடைச் சத்தம்கூடத் தாங்க முடியவில்லை. பைக்குள் கிடந்த போனை இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் சகோதரரிடம் இதைச் சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நாளைக்கு ஊற்றுப் பக்கம் நடந்துவிட்டு வா, திரும்பி வந்து என்ன பார்த்தாய் என்று சொல் என்றார். குன்றுக்குக் கீழே புனித ஸ்தேவான் ஊற்று என்று ஒரு இடம் உண்டு. சிறு குளம், மரங்கள், மரப்பாலம். கோடையிலும் அங்கே யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. மறுநாள் போய் ஒரு மணி நேரம் நின்றேன். குளத்தின் ஓரத்தில் மெல்லிய பனிக்கட்டி ஏடு படிந்திருந்தது, நம் வீட்டில் பால் ஆறினால் ஏடு கட்டுமே, அந்த அளவு கனம்தான். அதன் அடியில் ஒரு காற்றுக்குமிழி மெதுவாக நகர்ந்து ஓரத்துக்கு வந்து, உடையாமல் அங்கேயே நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சென்ற வருடம் இறந்துபோன பாட்டியின் நினைவு அங்கேதான் வந்தது. அடக்கத்துக்கு ஊருக்குப் போக எனக்கு விசா சிக்கலால் முடியவில்லை. ஒரு வருடமாக வராத அழுகை அப்போது வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதும் இருக்கவில்லை.

இது எல்லாருக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. என்னோடு இருந்த ஒருவர் வாரம் முழுக்க ஒரே மரத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். அதுவும் சரிதான்.

மனம் உடைந்த நிலையில் இருப்பவர்கள் போகலாமா?

யோசித்துப் போங்கள். மௌனம் மருந்து இல்லை. துக்கம் புதிதாக இருந்தால், அல்லது மனநலச் சிகிச்சையில் இருந்தால், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள், பதிவு செய்யும்போதே சகோதரர்களிடமோ சகோதரிகளிடமோ விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மௌன வாரம் வேண்டாம், மற்றவர்களோடு சேர்ந்து இருக்கும் சாதாரண வாரத்துக்கு வாருங்கள் என்று அவர்கள் சொன்னால் அதைக் கேளுங்கள். பாதியில் முடியவில்லை என்று தோன்றினாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, சொன்னால் பேசுகிறவர்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

சகோதரர்கள் ஆண்டு முழுக்கப் பேசாமல்தான் இருப்பார்களா?

இல்லை. இந்தக் குழப்பம் பலருக்கும் இருக்கிறது. நீங்கள் நினைப்பது கார்த்தூசியன் துறவிகளை. அவர்களுடைய தாய்மடம் கிராந்த் ஷார்த்ரூஸ், ஆல்ப்ஸ் பக்கம், கிரெனோபிளுக்கு வடக்கே மலைக்குள் இருக்கிறது. 1084-ல் புனித புரூனோ தொடங்கியது. அங்கே ஒவ்வொரு துறவிக்கும் தனிக் குடில், கீழே விறகும் பட்டறையும், சாப்பாடு சுவரில் உள்ள ஒரு சிறு திறப்பு வழியாக வரும். நள்ளிரவில் எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் ஜெபிப்பார்கள். செப்டம்பர் 14 முதல் ஈஸ்டர் வரை நாளுக்கு ஒரே முழுச் சாப்பாடு, அதாவது குளிர்காலம் முழுக்க நோன்பு. 1132-ல் பனிச்சரிவு அவர்களுடைய முதல் மடத்தையே அழித்துத் துறவிகள் சிலரைக் கொன்றது, அதன் பிறகுதான் கொஞ்சம் கீழே இறங்கிக் கட்டினார்கள். அவர்களும்கூட வாரம் ஒருமுறை சேர்ந்து நீண்ட நடை போய் அப்போது பேசுவார்கள். ஆனால் அங்கே உங்களையும் என்னையும் உள்ளே தங்க விடமாட்டார்கள்.

தெய்சே சகோதரர்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள், வேலை செய்வார்கள். இரவு ஜெபம் முடிந்ததும் சிலர் ஆலயத்திலேயே நின்றுகொள்வார்கள், யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். குளிர்காலத்தில் வரிசை கிடையாது.

சாப்பாடு எப்படி?

எளிமை. காலையில் ரொட்டி, வெண்ணெய், இரண்டு சாக்லேட் குச்சிகள், டீ. கப் கிடையாது, கைப்பிடி இல்லாத பெரிய கிண்ணத்தில்தான் டீ. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டும், குளிர்காலத்தில் அந்தக் கிண்ணத்தின் அருமை தெரியும். மதியமும் இரவும் சூப், பருப்பு, பாஸ்தா, உருளைக்கிழங்கு இந்த வகை, பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்பூனால் சாப்பிடுவது. சைவம் கேட்டால் கிடைக்கும். காரம் கிடைக்காது. மிளகாய்ப்பொடி டப்பா ஒன்றைக் கொண்டுபோனேன், சூப்பில் கொஞ்சம் போட்டுக்கொண்டேன், யாரும் தப்பாக நினைக்கவில்லை. சாப்பாட்டின்போது மெல்லிய இசை ஓடும்.

பாட்டெல்லாம் எந்த மொழியில்?

லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ் என்று கலந்து. ஜாக் பெர்த்தியே என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் (1994-ல் காலமானார்) இந்தச் சிறு பாட்டு முறைக்கு வடிவம் கொடுத்தார். ஒரே வரியைப் பத்து, இருபது தடவை பாடுவதால் மொழி தெரியாதவரும் மூன்றாம் சுற்றில் சேர்ந்துவிடலாம். பஜனை பாடிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பாட்டின் எண் சுவரில் ஒளிப்பலகையில் வரும், புத்தகத்தைப் புரட்டினால் போதும். சென்னைக்கும் தெய்சேக்கும் பழைய உறவு உண்டு: 1985-லும் 1988-லும் சகோதரர்கள் இளைஞர்களுக்கான பெரிய சர்வதேசக் கூட்டங்களை மெட்ராஸில்தான் நடத்தினார்கள்.

நான் கத்தோலிக்கர் / சி.எஸ்.ஐ. / கிறிஸ்தவரே இல்லை. போகலாமா?

போகலாம். நானே சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். வெவ்வேறு சபைகள் 1947-ல் ஒன்றாகச் சேர்ந்து உண்டான சபையிலிருந்து வந்ததால், பிரிந்த சபைகள் ஒரே கூரையின் கீழ் ஜெபிப்பது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை, சொந்த வீடு மாதிரிதான் இருந்தது. காலை ஜெபத்தில் நற்கருணை வழங்குவார்கள். அதை வாங்காதவர்களுக்கு ஆசீர்வதித்த ரொட்டித் துண்டுகள் ஒரு கூடையில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கிறிஸ்தவர் அல்லாதவர்கள் வந்து அமைதியாக உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன், யாரும் யாரையும் மாற்றப் பார்க்கவில்லை.

செலவு? வயது வரம்பு?

சகோதரர்கள் தங்களுக்கென்று நன்கொடை வாங்குவதில்லை, சொந்த வீட்டுச் சொத்து வந்தால்கூட ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மண்பாண்டம் செய்து, புத்தகம் போட்டு, அந்த வருமானத்தில் வாழ்கிறார்கள். நாம் கொடுப்பது நம் சாப்பாட்டுக்கும் தங்கும் இடத்துக்கும்தான். வயதையும் வரும் நாட்டையும் பொறுத்துத் தொகை மாறும், ஹோட்டல் விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. முக்கியமாக இளைஞர்களுக்கான இடம் இது. முப்பத்தைந்து தாண்டியவர்களுக்கு எல்லா வாரமும் இடம் இருக்காது, முன்பதிவில் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு முதல் ஞாயிறு வரை என்பதுதான் வழக்கம்.

பிள்ளைகளைத் தனியாக அனுப்பலாமா, பாதுகாப்பா?

கேட்க வேண்டிய கேள்வி. 1950-கள் முதல் 1980-கள் வரையான காலத்தில் சில சகோதரர்கள் பாலியல் துன்புறுத்தல் செய்ததாகப் புகார்கள் வந்ததைச் சமூகமே 2019-ல் வெளிப்படையாக அறிவித்தது, பாதிக்கப்பட்டவர்கள் முன்வந்து பேச வழியும் செய்தது. நான் நேசிக்கும் இடம் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பொறுப்பான பெரியவரோடுதான் போக வேண்டும். யாரிடமாவது சங்கடமாக உணர்ந்தால் மௌனம் என்பதற்காக வாயை மூடிக்கொள்ளக் கூடாது என்று பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்குப் போகலாமா?

டிசம்பர் கடைசி நாட்களில் சகோதரர்கள் பலர் ஏதாவதொரு ஐரோப்பிய நகரத்தில் இருப்பார்கள். 1978-ல் பாரிஸில் தொடங்கி ஆண்டு முடிவில் இளைஞர்களுக்கான சந்திப்பை நடத்துகிறார்கள். 2024 முடிவில் எஸ்டோனியாவின் தாலினில் நடந்தது. அமைதி தேடுகிறவர்களுக்கு என் சிபாரிசு ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி தொடக்கம். தவக்காலம் தொடங்கி, பள்ளி விடுமுறைக் குழுக்கள் வர ஆரம்பித்துவிட்டால் ஆள் கூடிவிடும்.

எப்படிப் போய்ச் சேருவது?

பாரிஸிலிருந்து மாகோன்-லோஷே வரை அதிவேக ரயில், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். அங்கிருந்து க்ளூனி வழியாகப் பஸ், நிறுத்தம் தெய்சே வாசலிலேயே. குளிர்காலத்தில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, பஸ் குறைவு, நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் க்ளூனியில் இறங்குங்கள். 910-ல் தொடங்கிய மடம், ஒரு காலத்தில் கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய ஆலயம், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் கல் கல்லாக விற்றுவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒரு கோபுரத்தின் அடியில் நின்றாலே கழுத்து வலிக்கிறது.

பிரான்சுக்கு வர வசதியில்லாதவர்கள்?

குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், சாந்திவனம் ஆசிரமம் இருக்கிறது. 1950-ல் மோன்ஷனேன், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியது. வழிபாட்டு முறை வேறு, குளிரும் கிடையாது. ஆனால் அங்கேயும் பேசாமல் உட்கார்ந்திருக்க இடம் கொடுப்பார்கள்.

மௌனம் முடியும் நாள் எப்படி?

வெள்ளி இரவு சிலுவையைத் தரையில் படுக்கையாக வைப்பார்கள், விரும்புகிறவர்கள் போய் அதன்மேல் நெற்றியை வைத்து ஜெபிக்கலாம். சனி இரவு எல்லார் கையிலும் சின்ன மெழுகுவர்த்தி, குழந்தைகள் ஏற்றித் தொடங்குவார்கள், பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஞாயிறு காலை பேச்சு திரும்புகிறது. பாத்திரத் தொட்டியில் எனக்கு இடப்பக்கம் சோப்புப் போட்டவர் என்னிடம் வந்து முதலில் சொன்னது அவர் பெயரை இல்லை. நான் அலசும்போது எப்போதும் கிண்ணத்தை ஏன் இரண்டு தடவை சுற்றுகிறேன் என்று கேட்டார். பாட்டி அப்படித்தான் செய்வாள் என்றேன்.